கங்காணியின் நாக்குக்கு ஊசி

1. பனிக்குள் கேட்ட வசவு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு டிரெசர் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் நாள் காலையில், தோட்டத்தை நான் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு வந்து, தகரப்பெட்டியோடு இறங்கி நின்றால், முன்னால் ஒரே பனி. செடியும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. மேட்டுப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் மட்டும் யாரையோ, "அடியே, பேதியில போறவளே" என்று கூப்பிட்டது.

டிரெசர் என்றால் யார் என்று இன்று கிளினிக்குகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் காலத்தில் டாக்டர் எப்போதாவது ஒரு நாள் வந்து போவார். மற்ற நாளெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கையில்தான். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி, காய்ச்சலுக்குக் கலவை மருந்து, பிள்ளைப்பேறு, பல் பிடுங்குவது, தோட்ட மேனேஜரான பெரிய துரையின் நாய்க்குப் பூச்சி மருந்து, எல்லாம் அவர் பொறுப்பு. நான் தைப்பிங்கில் ஒரு வாத்தியார் வீட்டில் வளர்ந்தவன். எங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் பைபிள் வசனம் சொல்வாரே தவிர, வசவு சொல்லத் தெரியாது. பேதி என்பது எனக்கு ஒரு நோயின் பெயர், அவ்வளவுதான். புது உத்தியோகம், புது மருந்துப் பை. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பையோடு மேட்டில் ஏறி ஓடினேன்.

மூச்சு வாங்க நான் போய் நின்ற இடத்தில், காக்கி அரைக்கால் சட்டையும் கம்பளிச் சட்டையுமாக, பெரிய மீசையோடு ஒருவர் கையில் தடி வைத்துக்கொண்டு நின்றார். அவர்தான் கருப்பையா கங்காணி. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூட்டம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. யாருக்குப் பேதி என்று கேட்டேன். அவர் என்னையும் என் பையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் யாருக்கும் வரலீங்க. வரணும்னுதான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பனிக்குள் நாலா பக்கமிருந்தும் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி முகமும் எனக்குத் தெரியவில்லை. என் உத்தியோக வாழ்க்கை அந்தச் சிரிப்போடுதான் ஆரம்பித்தது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. கருப்பையா கங்காணிக்குத் தெரிந்த வசவு அந்த ஒன்றுதான். கிளையை ஒடித்தவளுக்கும் அதுதான், கூடையைக் கவிழ்த்தவளுக்கும் அதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கும்போதுகூட, "இந்தா, பேதியில போறவனே" என்றுதான் கொடுப்பார். யாரும் அதை மனதில் வைத்துக்கொண்டதில்லை. அந்தக் குரலுக்கு ஒரு வேலையும் இருந்தது. எங்கள் மலையில் பாதி நாள் பனியில்தான் கொழுந்து பறிக்க வேண்டும். செடி வரிசை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கங்காணி வரிசைக் கடைசியில் நின்று வைதுகொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பெண்கள் தாங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் லெட்சுமி என்று ஒருத்தி. முப்பது வயது தாண்டியவள், பறிப்பதில் முதல் ஆள், பேச்சிலும் முதல் ஆள். கங்காணிக்கு எதிர்ப்பேச்சுப் பேசும் உரிமை அவளுக்கு மட்டும் இருந்தது. "பேதியில போறவளே" என்று அவர் கூப்பிட்டால், "போறப்ப சொல்லிட்டுப் போறேன் கங்காணி" என்பாள். அதற்கும் சேர்த்து இன்னொரு முறை வாங்கிக்கொள்வாள்.

2. கயிறு

சில வருஷம் கழித்து, எழுபதுகளில், காலரா உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டு எங்கள் நாட்டுக் கடற்கரைப் பக்கமும் வந்தது. ரேடியோவில் கொதிக்கவைத்த தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மேலே இருக்கிற எங்களுக்கு அது வேறு நாட்டுச் செய்தி. இந்தக் குளிருக்குக் கிருமியே போர்வை கேட்கும் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

லெட்சுமி கடலோரப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாள். அங்கே கெராங் சமைத்திருக்கிறார்கள். கெராங் என்பது சேற்றில் கிடைக்கும் சிப்பி, அரைவேக்காட்டில் தின்றால்தான் ருசி என்பார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மலையேறி வந்தாள். மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடி நிற்கும் இடத்தில், முகம் வாடி நின்று அரைநாள் லீவு கேட்டாள். கங்காணி நம்பவில்லை.

"கல்யாணத்துல மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்து எங்கிட்ட நடிக்கிறியா? பேதியில போறவளே, போய் வரிசையப் புடி."

மத்தியானத்துக்குள் அவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போன கண்ணும், சுருங்கிப்போன விரலும், அரிசி கழுவிய தண்ணீராகப் போவதும், படித்த பாடம் அப்படியே படுத்திருந்தது. சலைன் ஏற்றி, ஆம்புலன்ஸை வரவழைத்து, கீழே டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தாப்பா ரோட்டு வளைவுகளில் அவள் வாந்தி எடுத்தது காலராவாலா, ரோட்டாலா என்று கூடப்போன அட்டெண்டெண்டுக்குக் கடைசிவரை தெரியவில்லையாம். அவரும் பாதி வழியிலிருந்து எடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே சுகாதாரப் பகுதி ஆட்கள் வந்து, லெட்சுமி இருந்த கீழ் லயத்தின், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின், பாதையில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள். யாரும் வெளியே வரக்கூடாது, யாரும் உள்ளே போகக்கூடாது. எல்லோருக்கும் மாத்திரை, ஊசி. யாருக்காவது வயிறு கெட்டால் உடனே சொல்ல வேண்டும். புதிதாக ஒருவருக்கும் வராமல் போதுமான நாள் கழிந்தால்தான் கயிறு அவிழும். கயிற்றுக்குள் போய்வர அனுமதி எனக்கு மட்டும்.

கங்காணியின் கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் கீழ் லயத்தில்தான் குடியிருந்தார்கள். கங்காணி வீடு மேலே, பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில். அதனால் கூட்டம் முழுக்கக் கயிற்றுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது, கங்காணி மட்டும் வெளியே நின்றார்.

3. கீழ் லயத்து வயிறுகள்

காலரா வந்தது ஒருத்திக்கு. பயம் வந்தது எல்லோருக்கும். நான் கொண்டுபோன மாத்திரை காலராவுக்குத்தான், பயத்துக்கு என் பையில் எதுவும் இல்லை.

ஒருத்தி சோப்புப் போட்டுக் கை கழுவிக் கழுவித் தோலையே உரித்துக்கொண்டாள். இன்னொருத்தி பிள்ளைகள் தூங்குகிறார்களா, மூச்சு இருக்கிறதா என்று எழுப்பி எழுப்பிப் பார்த்து, வீட்டில் ஒருவரையும் தூங்க விடவில்லை. எந்நேரமும் தேயிலைக்காட்டில் இருக்கும் ஆண்கள் பகல் முழுக்க வீட்டில் கிடந்ததால் சண்டை கிளம்பியது. பல வருஷம் குடும்பம் நடத்திய ஒரு ஜோடி, சோற்றை எந்தப் பக்கமிருந்து கிண்டுவது என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டது.

இவர்களில் பெரிய தொல்லை முனியாண்டி. செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆள், சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவர். ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பொதுக் கக்கூஸுக்கு எதிரே போட்டுக்கொண்டு, யார் போகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், திரும்ப எப்போது போகிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார். ஒருவருக்கு வயிறு கெட்டால் மறுபடி முதலிலிருந்து எல்லோரும் அடைபட வேண்டும் என்பது அவர் நியாயம். நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு கக்கூஸுக்குப் போவது என்பது கோர்ட்டுக்குப் போவது போலாகிவிட்டது. "மூஞ்சி கழுவத்தான் போறேன் மாமா" என்று காரணம் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு போவதைக் குறைத்தார்கள். போக வேண்டிவருமே என்று சாப்பாட்டைக் குறைத்தார்கள். கடைசியில் லயம் முழுக்க மலச்சிக்கல்.

கயிற்றடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக ரகசியமாக ஒரே மருந்தைக் கேட்டார்கள். பேதிக்குக் கொடுங்கள் என்றார்கள். காலரா என்று பூட்டிவைத்த லயத்தில் பேதிமருந்து கேட்கிறார்கள். டாக்டருக்கு டெலிபோன் போட்டு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டேன். நான் குடித்திருக்கிறேனா என்று அவர் கேட்டார்.

மருந்து கொடுக்கவில்லை. திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்களிடம் கேட்டு லோரியில் கீரை வரவழைத்து, வேகவைத்துச் சாப்பிடச் சொன்னேன். முனியாண்டியின் முக்காலியைப் பறிமுதல் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டேன். கீரையால் ஆனதா, முக்காலி போனதால் ஆனதா தெரியவில்லை, இரண்டாம் நாள் லயம் சரியாகிவிட்டது.

முக்காலியை இழந்த முனியாண்டிக்குப் பொழுது போகவில்லை. அப்போதுதான் கங்காணி, அரிசி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கயிற்றடிக்கு வந்தார். அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டது. முனியாண்டி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"காலையில சொன்னீங்க, மத்தியானம் வந்திருச்சு. நல்ல நாக்குலா கங்காணி. இன்னிக்கு யாரச் சொல்லப் போறீங்க?"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கரிநாக்கு, சொன்னால் பலித்துவிடும் என்று லயத்துக்குள் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது. கங்காணி மூட்டையை இறக்கி வைத்தார். எதுவும் சொல்லாமல் திரும்பி நடந்தார். எதுவும் சொல்லாமல் அவர் நடந்ததை அந்தத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

4. திட்டாத புருஷன்

அதற்குப் பிறகு ஒரு நாள் கங்காணியின் மனைவி அங்கம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாதாரணமாக மருந்துக்கு வருகிற ஆள் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, அவரு என்னையத் திட்டவே மாட்டேங்கிறாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

முதலில் ஏதோ குடும்ப விவகாரம் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்லச் சொல்ல என் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குழம்பில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். கங்காணி இரண்டு வாய் தின்றுவிட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாராம். மறுநாள் உப்பு சரியாகப் போட்டும் அதே இரண்டு வாய்தான். அவர் பார்க்கும் சுவர்ப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பறிக்க ஆளில்லாமல் கொழுந்தெல்லாம் முத்திக்கொண்டிருந்த மலை. பெரட்டுக்கு மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் எழுந்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தன் ஆட்கள் இல்லாத களத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாராம். இப்போது அதையும் விட்டுவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். சட்டைக் கழுத்து தொளதொளத்துக் கிடந்தது. நாடி பார்த்தேன், சரியாக இருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நாக்கைப் பார்க்காமல் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று மன்றாடினேன். அசையவில்லை. சரி, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டராவது வைக்கிறேன் என்றால், கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார்.

கடைசியில் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, தன் பேச்சு என் மேல் விழாதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ரகசியமாகக் கேட்டார்.

"ஐயா, நாக்குக்கு ஊசி ஏதும் இருக்குங்களா? ஒரேயடியா மரத்துப் போறாப்புல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் திரும்பிய பிறகு கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. லெட்சுமி செத்துப்போய்விட்டதாக யாரோ லோரிக்காரன் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. லீவு கேட்டவளுக்கு லீவு கொடுக்காமல், அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார். இத்தனை வருஷமாகத் தோட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அதைத்தானே சொல்லியிருக்கிறேன், இனி வரிசையாக எல்லோருக்கும் வரும் என்றார். மிட்டாய் கொடுத்த குழந்தைகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நான் படித்த படிப்பெல்லாம் எடுத்து விட்டேன். கிருமி என்றேன், கெராங் என்றேன், அரைவேக்காடு என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதே கெராங்கத்தான அவகூடப் போன மச்சானும் தின்னான். அவனுக்கு ஏங்க வரல? அவன நான் திட்டலையே."

ஒரே சட்டியில் தின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு வருவதும் ஒருவருக்கு வராததும் உண்டு என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால், நான் சமாளிக்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. கடைசியில் கையில் ஒரு வைட்டமின் ஊசி போட்டேன். தப்பான இடத்தில் போடுகிறேனே என்று வருத்தத்தோடு பார்த்தார்.

5. செத்தவள் வந்தாள்

ஆபீஸுக்குப் போய் டவுன் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட்டேன். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் ஒரு நர்ஸ், லெட்சுமி நன்றாக இருக்கிறாள் என்றார். கஞ்சியில் உப்பில்லை என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சண்டை போடுகிறாள், சீக்கிரம் அனுப்பிவிடப் போகிறோம் என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கங்காணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டார். நல்ல மனுஷன், ஆறுதலுக்காகப் பொய் சொல்கிறார் என்று என்னைப் பற்றிப் பிறகு அங்கம்மாளிடம் சொன்னாராம், அதுவும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

புதிதாக யாருக்கும் வரவில்லை. கயிறு அவிழ்ந்தது. அதே சமயத்தில் லெட்சுமியும் வந்து இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள், வாய் மட்டும் இளைக்கவில்லை. இறங்கிய இடத்திலேயே நான் கங்காணி விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துவிட்டு, நேராகக் கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கங்காணி, செத்தவ வந்திருக்கேன். நல்லாப் பாத்துக்குங்க."

கங்காணி எழுந்து வந்து பார்த்தார். அந்தப் பெரிய மீசைக்கு மேல் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அன்றைக்கு வயிறு நிறையச் சோறு தின்றார் என்று அங்கம்மாள் எனக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். வைத்தியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. சாமி ஒரு தடவை மன்னித்துவிட்டது, இனிமேல் இந்த நாக்கை வைத்துச் சோதிக்கக்கூடாது என்று அவர் தீர்மானம் செய்துவிட்டார்.

6. சத்தமில்லாத மலை

மறுபடி பெரட்டு ஆரம்பித்தது. கங்காணி பெயர்களைக் காதோடு காதாகக் கூப்பிட்டார். முன்வரிசைக்குக் கேட்டது, பின்வரிசை வீட்டுக்குப் போய்விட்டது. மலையில் போய்ப் பார்த்தால் முத்தல் இலை, மேலே பனி, கடைசியில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். வரிசை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பக்கத்துக் கூட்டத்து வரிசையைப் பறித்துவிட்டு அவர்களிடம் ஏச்சு வாங்கினாள். இன்னொருத்தியின் கூடை பள்ளத்தில் உருண்டது. நல்ல வேளை, கூடை மட்டும்தான் உருண்டது.

பெரிய துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவருக்குக் கொழுந்து வேண்டும். கங்காணிக்கு உடம்பு முடியவில்லை என்று நான் எழுதிக்கொடுத்தால், மரியாதையாகவே வேலையை விட்டு நிறுத்தி வேறு ஆளைப் போடலாம் என்றார். கங்காணி வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். பிள்ளைகள் இல்லாத கங்காணியும் அங்கம்மாளும் அந்த மலையை விட்டால் போவதற்கு ஓர் இடம் கிடையாது. வாரக் கடைசி வரை பொறுங்கள், மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். என்ன மருந்து என்று அவர் கேட்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றி.

நான் அங்கம்மாளிடம் சொன்ன இந்தச் செய்தி, அவர் மூலம் லெட்சுமிக்குப் போயிருக்கிறது. சத்து டானிக் வாங்க வந்தவள், ஊசியில் கங்காணிக்குக் குணமாகாதா என்று கேட்டாள். ஆகாது என்றேன். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். லெட்சுமி சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அதனால் மறுநாள், அவள் உடம்பு வேலைக்குத் தாங்குகிறதா என்று பார்க்கிற சாக்கில் நானும் மலைக்குப் போனேன்.

பனி லேசாக விலகியிருந்தது. லெட்சுமி பறித்த லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. முத்தல் இலையை மடக்கி மடக்கிக் கூடையில் போட்டாள், குச்சியைப் போட்டாள், நடுவில் முளைத்திருந்த காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்கிப் போட்டாள். கங்காணி பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். அவர் திரும்பும்போது சரியாக ஒரு நல்ல கிளையை மடக்கென்று ஒடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. அடுத்து லெட்சுமி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கங்காணி இன்றைக்கு எல்லோருக்கும் லீவு கொடுத்துவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று சத்தமாகச் சொன்னாள். அதையும் தாங்கிக்கொண்டார். எனக்கே கோபம் வந்துவிட்டது, அவர் தாங்கிக்கொண்டார்.

அப்புறம் லெட்சுமி எழுந்து செடிமேல் ஏறி நின்றாள்.

தேயிலைக்காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே மட்டமாகப் பறித்துப் பறித்து, மேசை மாதிரி தட்டையாக வளர்த்துவைத்திருக்கிற செடி. அதன்மேல் கால் வைப்பது சாப்பிடுகிற இலையில் கால் வைக்கிற மாதிரி. ஆடுமாடுகூட வைக்காது. மலை முழுக்கப் பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எறங்குடி கீழ! பேதியில..."

மூன்று மலைக்குக் கேட்டிருக்கும். பாதியில் அவருக்கே அது கேட்டுவிட்டது. தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. லெட்சுமி செடிமேல் நின்றபடி, இடுப்பில் கைவைத்து அவரைப் பார்த்தாள்.

"அது வந்துட்டுப் போயிருச்சு கங்காணி. ஒரு தடவ வந்தவளுக்கு மறுபடி வராதாம், டிரெசரு சொன்னாரு. எனக்கு வேற ஏதாச்சும் சொல்லுங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. வைத்தியப்படி அது அவ்வளவு சரியும் இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன்.

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பனிக்குள் நின்றவர்கள், பள்ளத்துப் பக்கம் நின்றவர்கள், நான் வந்த முதல் நாள் சிரித்தது போலவே எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி கையை வாயிலிருந்து எடுத்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. பாவம், அவருக்குத் தெரிந்ததே அந்த ஒன்றுதானே. வாயைத் திறந்து திறந்து மூடினார். லெட்சுமி இறங்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி, கெராங் தின்னவளே!"

அவள் இறங்கினாள். கூடையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வரிசையைப் பிடித்தாள். கங்காணி தடியை எடுத்துக்கொண்டு வரிசைக் கடைசிக்குப் போய், நாலு பக்கமும் திரும்பி, எல்லோரையும் ஒரு சுற்று வைது தீர்த்தார். அதைக் கேட்டபடியே நான் இறங்கி வந்தேன். பெரிய துரைக்கு எதையும் எழுதிக் கொடுக்கும் தேவை இல்லாமல் போனது.

அதன்பிறகு வேலையை விட்டுப்போகும் நாள்வரை கருப்பையா கங்காணிக்கு அதுதான் வசவு. கடலையே கண்ணால் பார்க்காத பிள்ளைகளைக்கூட, மிட்டாய் கொடுத்து, "இந்தா, கெராங் தின்னவனே" என்பார். அந்தப் பிள்ளைகள் கெராங் என்றால் ஏதோ பெரிய பாவம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

7. கேட்க வேண்டிய கேள்வி

எண்பதுகளில் எங்கள் லயங்களில் பல காய்ச்சல்கள் வந்து போயின. ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது, யாருக்குச் சூடு, யாருக்கு இருமல் என்று கேட்பதோடு இன்னொன்றும் கேட்பேன். வீட்டில் வழக்கமாகச் சத்தம் போடுகிறவர் போடுகிறாரா, வழக்கமாகச் சண்டை போடுகிறவர் போடுகிறாரா என்று கேட்பேன். டிரெசருக்கு வம்பு கேட்கிற புத்தி என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நோய் பரவும் காலத்தில் படுத்துக் கிடப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள், எழுந்து நடமாடிக்கொண்டே பேச்சை நிறுத்திவிட்டவரைப் பார்க்க ஆளிருக்காது. பயத்தில் இருந்த எத்தனையோ பேரிடம் பயப்படாதே என்று நான் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரைப் பழையபடி தேடி வந்து, பழையபடி வம்புக்கு இழுக்க ஒரு மனுஷி வேண்டியிருக்கிறது. அப்படி ஒருத்தி ஒவ்வொரு லயத்திலும் இருப்பாள். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவள் வீடு எது என்று முதலில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கங்காணி வாய் திறந்த அந்த வாரத்துக் கடைசியில் அங்கம்மாள் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"ஐயா, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேத்துத் திட்டுறாரு. நீங்க போட்ட ஊசி கொஞ்சம் கூடிப்போச்சுங்க."

போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாதம்மா என்றேன். அங்கம்மாள் பெருமூச்சு விட்டார், சிரித்தார், பஞ்சு கொஞ்சம் கூடக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.